இமயத்துப் பாசி பழனி மலைக்கு வந்தது எப்படி?

மழைக்காலத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் மதிற்சுவரைப் பாருங்கள். பச்சை வெல்வெட் விரித்தாற்போல் பாசி படர்ந்திருக்கும். சுரண்டி எறிவதுதான் வழக்கம்.

இதைத் தேடி மலையெல்லாம் அலைந்தவரும் உண்டு! திருப்பூர் மாவட்ட வயல்களுக்கு நீர் தரும் அமராவதிக்குத் தெற்கே ஓங்கி நிற்பது பழனி மலைத்தொடர். அங்கே, கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்தவர் ஜார்ஜ் ஃபோரோ என்ற பாதிரியார். அம்மலைப் பாசிகளைப் பல ஆண்டுகள் சேகரித்து, 1961-ல் விவரமான பட்டியல் வெளியிட்டார்.

இமயமலைப் பாசிகள் சில இம்மலையிலும் உண்டு. இடையிலுள்ள வெப்பச் சமவெளியில் அவை கிடையா. வந்தது எப்படி? பாசிக்கு விதை இல்லை. தூசி போன்ற சிதல்கள் காற்றில் பறந்து பரவும். பனியுகத்தில் சமவெளி குளிர்ந்திருந்தபோது பரவி, வெப்பம் மிகுந்ததும் மலையுச்சியில் ஒதுங்கின என்பாரும் உண்டு.

பாசிக்கு வேரும் இல்லை. மேலே படும் நீரை இலையாலேயே உறிஞ்சும். சோலைக்காடு அழிந்து, நிழலும் ஈரமும் போனால் அதுவும் மடியும். பட்டியலில் பெயர் மட்டுமே மிஞ்சும்.

ஓர் ஊரில் ஒரு பாசி இல்லை என்று புத்தகம் சொன்னால், அங்கே இதுவரை யாரும் குனிந்து பார்க்கவில்லை என்றும் பொருள் இருக்கலாம் அல்லவா?