விபத்து அறுவை மருத்துவரின் முதல் ஐந்து ஆண்டுகள்

லாரி மோதியவர், சாரத்திலிருந்து விழுந்தவர், கத்திக்குத்துப் பட்டவர் என யாரை ஆம்புலன்ஸ் கொண்டுவந்து இறக்கினாலும், ட்ராமா சென்டரில் அவருக்குப் பொறுப்பேற்பவர் விபத்து அறுவை மருத்துவர். மற்ற அறுவை மருத்துவர்கள் ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்து, நாள் குறித்துக் கத்தியை எடுப்பார்கள். இவருக்கோ வந்தவரின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும்.

இப்படிப்பட்ட வேலையில் ஓர் இளம் மருத்துவர் தேறி நிற்க என்னென்ன வேண்டும்? இதை முறைப்படி யோசித்து ஏற்பாடுகள் செய்த நாடுகளில் அமெரிக்கா முக்கியமானது.

படிப்பு முடிந்த மறுநாள்

அங்கே மருத்துவப் படிப்புக்குப் பின் பொது அறுவைச் சிகிச்சையில் 5 ஆண்டுப் பயிற்சி. அதற்கு மேல் விபத்து, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஓரிரு ஆண்டு சிறப்புப் பயிற்சி. அது முடிந்ததும் ஒரே நாளில் நிலைமை மாறிவிடுகிறது. நேற்றுவரை முதுகுக்குப் பின்னால் மூத்தவர் ஒருவர் நின்றார். இன்று கடைசி முடிவு இவருடையது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மண்ணீரலோ கல்லீரலோ அடிபட்டால் முன்பு வயிற்றைத் திறந்து பார்ப்பதே வழக்கம். இப்போது சி.டி. ஸ்கேன் பார்த்து, நோயாளி நிலையாக இருந்தால் கத்தி வைக்காமலே கவனிக்கிறார்கள். நோயாளிக்கு இது நல்லது. ஆனால் பயிற்சியில் இருப்பவர்களின் கைக்கு வரும் பெரிய அறுவைகள் குறைந்துவிட்டன.

பயிற்சி வகுப்புகள்

இந்தக் குறையை ஈடுகட்டக் குறுகியகால வகுப்புகள் இருக்கின்றன. அடிப்படையானது ஏ.டி.எல்.எஸ். 1976-இல் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர் ஓட்டிச்சென்ற சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்தில் விழுந்தது. மனைவி இறந்துபோனார், பிள்ளைகள் படுகாயமடைந்தனர். உள்ளூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சை மோசமாக இருந்ததைப் பார்த்த அவர், சக மருத்துவர்களுடன் சேர்ந்து இந்தப் பயிற்சியை உருவாக்கினார். 1978-இல் முதல் வகுப்பு நடந்தது. 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. மூச்சுக்குழாய், சுவாசம், ரத்த ஓட்டம் என்று எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையை உலகெங்கும் மருத்துவர்கள் இந்தப் பயிற்சியில்தான் கற்கிறார்கள்.

இதற்கு அடுத்த படியில் ‘அசெட்’ என்ற வகுப்பு. கழுத்து, மார்பு, வயிறு, கை கால்களின் பெரிய ரத்தக்குழாய்களைச் சட்டென்று எப்படி எட்டுவது என்பதைத் தானமாக வந்த உடல்களில் செய்து பழகுகிறார்கள்.

பக்கத்தில் ஒரு மூத்தவர்

வகுப்பில் கற்கவே முடியாத ஒன்று உண்டு: எங்கே நிறுத்துவது என்ற தீர்மானம். கல்லீரல் கிழிந்து வயிறு முழுக்க ரத்தம் தேங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடல் சில்லிடுகிறது, ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது, ரத்தம் உறைய மறுக்கிறது. மூன்றும் சேர்ந்தால் அறுவை மேசையிலேயே உயிர் போய்விடக்கூடும். அப்போது எல்லாவற்றையும் தைத்து முடிக்கப் பார்ப்பது ஆபத்து. கல்லீரலைச் சுற்றி ‘மாப்’ எனப்படும் பெரிய துணிகளை வைத்து அழுத்தி, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, ஐ.சி.யூ.வுக்கு அனுப்ப வேண்டும். உடலைச் சூடேற்றி, ரத்தம் ஏற்றி, நிலை தேறியபின் ஓரிரு நாளில் மறுபடி மேசைக்குக் கொண்டுவரலாம். ‘டேமேஜ் கன்ட்ரோல்’ என்ற பெயரில் இதை 1993-இல் பிலடெல்பியாவின் ரொட்டாண்டோ, ஷ்வாப் குழுவினர் விளக்கி எழுதினார்கள்.

படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கும். ஆனால் பாதியில் மூடுவது இளம் மருத்துவருக்குத் தோல்வி போலப் படும்; இன்னும் ஒரு தையல் போட்டுப் பார்க்கலாமே என்று கை துடிக்கும். “போதும், பேக் பண்ணிட்டு வெளியே வா” என்று சொல்ல அனுபவசாலி ஒருவர் வேண்டும். அதனால்தான் நல்ல மையங்கள் முதல் சில ஆண்டுகளுக்கு, இரவு எந்நேரமும் கூப்பிடக்கூடிய மூத்தவர் ஒருவரைப் பட்டியலில் போட்டு வைக்கின்றன. கூப்பிடுவதை யாரும் பலவீனமாக நினைக்காத சூழலும் வேண்டும். 1980-களில் தோன்றிய ‘ஈஸ்ட்’ என்ற விபத்து அறுவை மருத்துவர் சங்கம், இளையவர்களை வளர்ப்பதையே தன் முக்கிய நோக்கமாக வைத்திருக்கிறது.

இறப்புக்குப் பிறகு

காப்பாற்ற முடியாத உயிர்களும் இருக்கும். மருத்துவமனைகளில் ‘எம் அண்ட் எம்’ என்ற கூட்டம் நடக்கும். என்ன நடந்தது, எங்கே தாமதமானது என்று ஒவ்வொன்றாக அலசுவார்கள். குற்றவாளியைத் தேடும் கூட்டமாக அது மாறிவிட்டால் இளையவர்கள் உண்மையை மறைக்கப் பழகிவிடுவார்கள். மூத்தவர்கள் முதலில் தங்கள் தவறுகளை எடுத்து வைத்தால் மற்றவர்களும் வாய் திறப்பார்கள்.

நோயாளிக்குத் தீங்கு நேரும்போது மருத்துவரும் உடைந்துபோகிறார் என்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஆல்பர்ட் வூ 2000-இல் எழுதினார். மிசூரி பல்கலைக்கழக மருத்துவமனை இப்படி உடைந்துபோகிறவர்களுக்கு உதவவென்றே சக ஊழியர்களைப் பயிற்றுவித்து ஒரு குழு அமைத்தது. மோசமான இரவுக்குப் பின் அந்தக் குழுவில் ஒருவர் வந்து உட்கார்ந்து பேசுவார். தேவைப்பட்டால் மனநல நிபுணரிடம் அழைத்துச் செல்வார்.

நமக்கு என்ன வேண்டும்?

இந்தியாவில் டெல்லி எய்ம்ஸ் விபத்து அறுவைச் சிகிச்சைக்கென்றே எம்.சிஎச். என்ற உயர் சிறப்புப் படிப்பை நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்க வழிசெய்தது. பணமில்லாததால் உயிர் போகக் கூடாது என்ற அந்த முடிவு மிக நல்லது. அந்த 48 மணி நேரத்தில் பல ஊர்களில் கத்தியைப் பிடிப்பவர்கள் இளம் மருத்துவர்களே. மருத்துவமனை நிர்வாகங்கள் அவர்களைப் பயிற்சி வகுப்புக்குச் சம்பளத்தோடு அனுப்ப வேண்டும். இரவில் கூப்பிட ஒரு மூத்தவரின் எண்ணைக் கொடுக்க வேண்டும். ஓய்வுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். இவற்றைச் சலுகையாக நினைக்கக் கூடாது. இவையும் அந்த நோயாளிக்குத் தரும் சிகிச்சையின் பகுதிதான்.