துள்ளும் வோல்ட்டுக்கு ஓர் எலிப்பொறி

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், திருவண்ணாமலை மாட வீதியில் பெரிய தேர் வரும்போது வடத்தை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பாருங்கள். முட்டுக்கட்டை போடுகிறவர் அதன் கூடவே குனிந்து நடப்பார். கட்டையைப் பதமாகக் கொடுத்தால் தேர் அடங்கி நிற்கும். வெடுக்கென்று கொடுத்தால் கலசம் வரைக்கும் ஆடும்.

கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கும் இதே குணம் உண்டு. சட்டென்று வெட்டினால் வோல்ட் துள்ளும். பழைய டியூப்லைட்டில் ஸ்டார்ட்டர் விட்டதும் சோக்கு கொடுக்கும் உதைதான் குழாயை எரிய வைக்கிறது. 1832-லேயே ஜோசப் ஹென்றி இதைப் பற்றி எழுதிவிட்டார்.

என் தம்பி மகன் மாடி அறையில் மாதிரி ரயில் ஓட்டுகிறான். நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். டிசிசி முறையில் மின்சாரமும் கட்டளையும் ஒரே தண்டவாளத்தில் சேர்ந்தே போகும்: 15 வோல்ட் அளவில், நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறும் சதுர அலை. பெட்டி தடம் புரண்டு ஷார்ட் ஆனால், பவர் பெட்டி சப்ளையை வெட்டும். வில்லங்கம் அந்த நொடியில்தான். 10 மீட்டர் இரட்டைக் கம்பிக்கு 10 மைக்ரோஹென்றி என்று வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் ஒரு மைக்ரோ நொடியில் நின்றால் 50 வோல்ட் துள்ளும். இஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் 27 வோல்ட்டாவது தாங்க வேண்டும் என்பதுதான் தர விதி. அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை.

துள்ளல் வருகிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், அது அசையவில்லை. ஜீனரோடு ஒரு எல்இடி கோத்தேன். மின்னியிருக்கலாம், ஆனால் மைக்ரோ நொடி மின்னலை எந்தக் கண் பார்க்கும்? கெப்பாசிட்டரில் பிடித்து வைக்கலாம் என்றால், பெரிய கெப்பாசிட்டர் துள்ளலையே விழுங்கிவிடும். சின்னது, மீட்டர் படிப்பதற்குள் வடிந்துவிடும்.

கடைசியில் கைகொடுத்தது எஸ்சிஆர். எலிப்பொறி மாதிரி, ஒரு தடவை தட்டினால் போதும், நாம் போய் விடுவிக்கும்வரை பிடித்துக்கொண்டிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் எல்லாச் சாமானும் கிடைக்கும். அலை இரு திசையிலும் வருவதால் முதலில் நான்கு 1என்4148 டையோடுகளில் ஒரு பிரிட்ஜ். அதன் பிளஸ்ஸிலிருந்து 24 வோல்ட் ஜீனர், 470 ஓம் வழியாக பிடி169 எஸ்சிஆரின் கேட்டுக்கு. கேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 1 கிலோ ஓம். இல்லாவிட்டால் காற்றடித்தாலும் பொறி விழும். பிரிட்ஜின் மைனஸும் கேத்தோடும் 9 வோல்ட் பேட்டரியின் மைனஸில் சேரும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு ஸ்விட்ச், இன்னொரு 470 ஓம், சிவப்பு எல்இடி, பிறகு ஆனோடு. டையோடுகளும் கேட்டும் எடுத்துக்கொள்வதையும் கூட்டினால் 26 வோல்ட் சுமாருக்குப் பொறி விழும். டிகோடரின் எல்லைக்குச் சற்று முன்பே. இதை வீட்டு 230 வோல்ட்டில் மட்டும் சொருகிவிடாதீர்கள்.

இஞ்சினை எடுத்துவிட்டு ஒரு ரூபாய் நாணயத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே வைத்தோம். பவர் பெட்டி டிக்கென்றது, சிவப்பு எரிந்தது, எரிந்தபடியே இருந்தது. “பெரியப்பா, அணையலையே!” என்றான். ஸ்விட்சைத் தட்டி அணைத்தேன்.

பிறகு கம்பிகளை முறுக்கி, கடைக்கோடியில் 100 ஓமையும் 0.1 மைக்ரோஃபாரடையும் தொடராகக் கோத்து, இரு கம்பிகளுக்கும் நடுவே கட்டினோம். நாணயத்தைப் பத்து முறை வைத்தும் விளக்கு எரியவில்லை. அந்த ரெசிஸ்டர் 2 வாட் ஆக இருக்கட்டும். ரயில் சும்மா நிற்கும்போதும் அது சுட்டுக்கொண்டேதான் இருக்கும்.