ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு விலாசம்!

பங்குனி வந்தால் திருமழபாடியில் நந்தியெம்பெருமானுக்குக் கல்யாணம். ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்று, வரன் தேடும் வீடுகளிலிருந்தெல்லாம் கூட்டம் கூட்டமாக வருவார்கள். கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அதற்கு மூன்று வயது முடியும்போது வீட்டில் அடுத்த தேடல் ஆரம்பிக்கிறது. இந்த முறை தேடுவது, நல்ல தனியார் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு விலாசம்!

அரசுப் பள்ளியில் சேர்க்க அந்தக் கவலை இல்லை. பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துப் போனால் போதும். விலாசம் முக்கியமாவது, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவிகித இலவச இடங்களுக்குத்தான். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் தவிர்த்த தனியார் பள்ளிகள், ஆரம்ப வகுப்பில் நான்கில் ஓர் இடத்தை ஏழை, எளிய குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். கல்விக் கட்டணத்தை அரசு கொடுத்துவிடும். எல்.கே.ஜி-யில் 40 பேர் என்றால் 10 இடம். ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்கள் நலிவடைந்த பிரிவிலும், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோர் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவிலும் விண்ணப்பிக்கலாம்.

எல்லாம் சரி. கூடவே ஒரு நிபந்தனை உண்டு. வீடு, பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

சென்னையில் 1 கிலோமீட்டருக்குள் நான்கைந்து தனியார் பள்ளிகள்கூட இருக்கும். கொள்ளிடத்தின் வடகரையில், வயலும் தோப்புமாகப் பரந்துகிடக்கும் கிராமங்களில்? ஆற்றைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம், மேற்கே கொஞ்சம் போனால் திருச்சி மாவட்டம் என்று எல்லையோரத்தில் இருக்கும் பகுதி இது. இங்கே ஒரு கிராமத்துப் பிள்ளை ஆங்கிலவழிப் பள்ளிக்கு வேனில்தான் போக வேண்டும். அந்தப் பிள்ளையின் அப்பா கூலி வேலை செய்பவராக இருக்கலாம், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் கச்சிதமாக இருக்கலாம். விலாசம் மட்டும் தவறு!

அப்போதுதான் டவுனில் இருக்கும் சித்தப்பா வீடு ஞாபகத்துக்கு வருகிறது. ஆதாரில் முகவரியை மாற்றுவது, சொந்தக்காரர் வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொள்வது, ரேஷன் கார்டில் பெயரைச் சேர்ப்பது எனப் பல வழிகள். குழந்தை அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தூங்கியிருக்காது. மாலையில் பள்ளி வேன் அதை எந்த ஊர் முக்கில் இறக்கிவிடுகிறது என்பது ஊருக்கே தெரியும்.

(விலாசம் மாறுவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1995 வரை திருச்சி மாவட்டம், பிறகு பெரம்பலூர், 2001-ல் அரியலூர், 2002-ல் மறுபடி பெரம்பலூர், 2007-ல் மறுபடியும் அரியலூர். வீட்டைவிட்டு நகராமலே இந்த மக்கள் நான்கு முறை மாவட்டம் மாறியிருக்கிறார்கள்!)

இது ஏமாற்று வேலைதானே என்றால், ஆமாம். போலி ஆவணம் கொடுப்பது குற்றம், கண்டுபிடித்தால் சேர்க்கையும் ரத்தாகும். விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல். பொய் விலாசத்தில் வந்த சீட்டு ஒன்று குலுக்கலில் விழுந்தால், நிஜமாகவே பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஏழைக் குழந்தை ஒன்று வெளியே நிற்கிறது. இழப்பது ஒரு வருடப் படிப்பை மட்டுமல்ல, எல்.கே.ஜி-யில் தொடங்கி எட்டாம் வகுப்புவரை கட்டணமில்லாப் படிப்பை. இந்த ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்புவரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் முடிக்கும் பிள்ளைக்கு, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித ஒதுக்கீட்டிலும் இடம் உண்டு. குலுக்கலில் விழும் ஒரு சீட்டு அவ்வளவு தூரம் போகும்.

ஆனால், பொய் சொல்கிற எல்லோரும் ஒன்றல்ல. டெல்லியில் 2018-ல் ஒரு தொழிலதிபர் கைதானார். மகனைப் பிரபலமான பள்ளியில் ஏழைகளுக்கான இடத்தில் சேர்ப்பதற்காக, குடிசைப் பகுதியில் வசிப்பதாகப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆவணம் கொடுத்திருந்தார். இரண்டாவது மகனையும் அதே பள்ளியில் சேர்க்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ‘இந்தி மீடியம்’ படம் வந்தது 2017-ல். படத்தில் சிரிக்கவைத்த விஷயம், மறு வருடமே போலீஸ் வழக்காக வந்து நின்றது. அந்தத் தொழிலதிபரையும், சித்தப்பா வீட்டு விலாசம் வாங்கும் கூலித் தொழிலாளியையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடல் கடந்தும் இதே கதை

இலங்கையில் அரசுப் பள்ளியின் முதலாம் தரத்துக்கே இந்தப் போட்டி உண்டு. வீடு எவ்வளவு அருகில் இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் எத்தனை வருடமாகப் பெயர் இருக்கிறது என்பதற்கெல்லாம் புள்ளி போடுவார்கள். உங்கள் வீட்டுக்கும் அந்தப் பள்ளிக்கும் நடுவில் வேறு பள்ளி இருந்தால் புள்ளி குறையும். சிங்கப்பூரில் 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. பதிவுசெய்த விலாசத்தில் 30 மாதமாவது குடியிருக்க வேண்டும். பொய் விலாசம் கொடுத்துச் சிறைக்குப் போன பெற்றோரும் அங்கே உண்டு.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 2011-ல் ஒரு கறுப்பினத் தாய் 9 நாள் சிறையில் இருந்தார். தன் இரண்டு மகள்களை, பக்கத்து ஊரில் இருக்கும் தன் அப்பாவின் விலாசத்தைக் கொடுத்து நல்ல பள்ளியில் சேர்த்ததுதான் குற்றம். அங்கே பள்ளிக்கான பணத்தில் பெரும்பங்கு அந்தந்த ஊரின் சொத்துவரியிலிருந்து வருவதால், வசதியான ஊரில் வசதியான பள்ளி. நாடே அந்தத் தாய்க்காகக் குரல்கொடுக்க, மாநில ஆளுநர் அந்தக் குற்றத்தின் கடுமையைக் குறைத்தார்.

அளவுகோல் எங்கிருந்து வந்தது?

1 கிலோமீட்டர் என்ற கணக்கு, முதலில் குழந்தையின் காலுக்காகப் போடப்பட்டது. முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைக்கு நடந்துபோகும் தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும், அதை ஏற்படுத்தித்தருவது அரசின் கடமை என்பதற்காக 2010-ம் ஆண்டு விதிகளில் எழுதியது. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை 3 கிலோமீட்டர். அரசுக்குக் கடமையாக வைத்த தூரம், தனியார் பள்ளி வாசலில் வேலியாக மாறிவிட்டது. பள்ளிகளே இல்லாத கிராமத்தில் பிறந்த ஏழைக் குழந்தைக்கு, சட்டம் கொடுத்த உரிமை வரைபடத்தில் காணாமல் போகிறது.

டெல்லியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள். இடம் மிஞ்சினால் 3 கிலோமீட்டர், பிறகு 6, அதற்கும் மேல். பக்கத்து வீட்டுக் குழந்தையின் முன்னுரிமையும் போகாது, தூரத்துக் குழந்தை பொய் சொல்லவும் வேண்டாம். அரியலூர் போன்ற மாவட்டங்களுக்கு இது பொருந்தும் என்றே தோன்றுகிறது. வேன் செலவு பெற்றோர் தலையில் விழும் என்பது தனிப் பிரச்னை.

வழக்கமாக ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் தொடங்கி மே மாதம் வரை விண்ணப்பம் வாங்குவார்கள். 2025-ல் மத்திய நிதி வராமல் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. எனவே பள்ளிக் கல்வித்துறை அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். குலுக்கல் பள்ளியிலேயே, பெற்றோர் முன்னிலையில் நடக்கும். விண்ணப்பித்தவர்கள் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டாவது நேரில் போய்விடுங்கள். தேர்வானவர்கள், காத்திருப்போர் பட்டியல் இரண்டையும் செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்துமூலமாகப் புகார் கொடுங்கள். விவரம் கேட்க 14417 என்ற கல்வித்துறை உதவி எண்ணும் இருக்கிறது.