விளைவது இங்கே, விலையேறுவது வெளியே

2016 செப்டம்பரில் இராமநாதபுரம் மாவட்டம் கமுதிக்கு அருகே சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் திறன்கொண்ட சூரிய மின் நிலையம் தொடங்கப்பட்டபோது, ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் அதுவே உலகின் மிகப் பெரியதாகக் கருதப்பட்டது. பதினாறு மாதங்கள் கழித்து, 2018 ஜனவரியில், நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களை 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்ற பெயரில் மத்திய அரசு பட்டியலிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற இரண்டில் ஒன்று இதே இராமநாதபுரம், மற்றொன்று விருதுநகர்.

இவ்விரு செய்திகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. வேளாண்மையிலிருந்து தொழிலுக்கும் சேவைக்கும் விரைந்து நகரும் நாடுகளையே பொருளியலாளர் 'எழுந்துவரும் பொருளாதாரம்' என்கின்றனர். அத்தகைய நாட்டில் ஓர் ஊருக்கு முதலீடு வருவது ஒன்று, அவ்வூராரின் வருவாய் உயர்வது வேறொன்று. கமுதியில் ஏறத்தாழ ரூ.4,550 கோடி செலவிடப்பட்டது. ஆனால் அங்கு உற்பத்தியாகும் மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளின் வழியே வெளியேறுகிறது, தகடுகளில் படியும் தூசியைத் துடைப்பதற்கும் இயந்திரங்களே வந்துவிட்டன, ஆகவே கட்டுமானம் முடிந்தபின் உள்ளூருக்கு எஞ்சும் வேலை சொற்பம்.

கடலோரத்துக் கதை இன்னும் நுட்பமானது. மண்டபம், பாம்பன் வட்டாரப் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி முங்கி, கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் எடுத்துப் பிழைத்துவந்தனர். அத்தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, நாளடைவில் கெடுபிடி கூடியது. 2000-ஐ ஒட்டி, பிலிப்பைன்ஸ் கடல்களைத் தாயகமாகக் கொண்ட கப்பாபைகஸ் என்னும் பாசி, பெப்சி நிறுவனத்தின் ஒப்பந்தச் சாகுபடியாக, அதாவது விதையைத் தந்து விளைச்சலை நிறுவனமே வாங்கிக்கொள்ளும் முறையில், இக்கரைக்கு வந்தது. பன்னிரண்டடி மூங்கில்களைச் சதுரமாகக் கட்டி, குறுக்கே இருபது கயிறுகளில் துண்டு துண்டாகப் பாசியை முடிந்து, மீன் கடிக்காதிருக்க அடியில் வலை விரித்துக் கடலில் விடப்படும் மிதவை, ஏறத்தாழ 45 நாளில் அறுவடைக்கு வரும். பத்துக் கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் சுமார் ஒரு கிலோதான் தேறும்.

அந்த ஒரு கிலோவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் கராஜீனன் என்ற பசைப்பொருள் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்கிறது. மூலப்பொருள் பண்டமாக மாறும் ஒவ்வொரு படியிலும் விலை ஏறுவதையே 'மதிப்புக் கூட்டல்' என்பர்; அந்தப் படிகளில் பெரும்பாலானவை மண்டபத்துப் பெண்ணின் கைக்கு எட்டாதவை. இழப்போ முழுக்க அவளுடையது. 2013-ஐ ஒட்டிக் கடல் வெப்பம் ஏறிப் பாசி கொத்துக்கொத்தாக மடிந்தபோது, வாங்குபவருக்கு வேறு கடற்கரை இருந்தது, அவளுக்கு இல்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளில் ஒன்றான குருசடையின் பவளப்பாறைகளில் இப்பாசி படர்ந்தது அறிவியலாளரின் கவலை. அதையும் ஒதுக்கிவிட முடியாது. தொண்டி அருகே வளமாவூரில் ரூ.127 கோடி மதிப்பில் 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்ட பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா, பதப்படுத்தும் பணியை உண்மையாகவே இக்கரைக்குக் கொண்டுவந்தால், இக்கணக்கு ஓரளவு மாறக்கூடும்.

மீன்பிடியில் மாற்றம் முன்னமே வந்துவிட்டது. இறால் ஏற்றுமதியை நம்பிப் பெருகிய விசைப்படகுகள், அடிமட்டம் வரை வாரும் இழுவைமடியால் ஆழம் குறைந்த பாக் நீரிணையைச் சலித்தெடுத்தன. வருமானம் கண்டது மெய்தான். ஆனால் மீன் குறைந்தபின் படகுகள் 1974-இல் இலங்கையுடன் வரையப்பட்ட கடல் எல்லையைத் தாண்டின, சிறைப்பட்டன, கடன் மட்டும் கரையில் நின்றது. மாற்றாக 2017-இல் ஆழ்கடல் சூரை மீன்பிடித் திட்டம் வந்தது. ரூ.80 லட்சம் படகுக்கு மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10 எனத் தொகை பிரிக்கப்பட்டது. மானியம் தாராளமே, ஆயினும் ஒரே இரவில் போய்த் திரும்பிப் பழகிய இராமேசுவரத்து மீனவர் வாரக்கணக்கில் கடலில் தங்குவதற்கு வேறு தூண்டில், வேறு ஆட்கள், வேறு சந்தை வேண்டியிருந்தது. மூன்றாண்டுகளில் 2,000 படகுகள் என்ற இலக்கில் சிறு பகுதியே நிறைவேறியதற்கு மீனவரின் பிடிவாதத்தைக் காரணம் காட்டுவது, திட்டம் தீட்டியவர் படகுக்கு விலைபோட்டார், தொழிலுக்குப் போடவில்லை என்பதை மறைப்பதாகும்.