ஆங்கிலக் காற்புள்ளியும் தமிழ் எண்ணும்மையும்

ஆங்கிலத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பெயர்களை அடுக்கும்போது அவற்றைக் காற்புள்ளியால் பிரித்து, இறுதிப் பெயருக்கு முன் ‘அண்ட்’ என்னும் இணைப்புச்சொல்லை இடுவர். அவ்விணைப்புச்சொல்லுக்கு முன்னும் காற்புள்ளி வேண்டும் என்பது ஆக்சுபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் மரபு. பிரித்தானிய நாளிதழ்கள் பெரும்பாலும் அதனை விட்டுவிடுகின்றன. இது வெறும் நடை வேறுபாடன்று. அமெரிக்காவின் மெய்ன் மாநில மிகைநேர ஊதியச் சட்டத்தில், ‘அல்லது’ என்னும் பொருள்தரும் சொல்லுக்கு முன் காற்புள்ளி இல்லாமையால் ஐயம் எழுந்தது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பால் நிறுவன ஓட்டுநர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 50 இலட்சம் டாலருக்கு வழக்கு உடன்பாட்டில் முடிந்தது.

தமிழில் இப்பணியைக் குறி செய்வதில்லை, சொல்லே செய்கிறது. கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் எனக் கருதப்படும் பவணந்தி முனிவர், எண்ணும்மையைக் கூறுவதோடு, இடைச்சொல்லின்றி அடுக்கும் செவ்வெண் தொகை பெறும் என்றும் நன்னூலில் வரையறுக்கிறார். ‘நொய்யலும் பவானியும் அமராவதியும் காவிரியில் கலக்கின்றன’ என்பது எண்ணும்மை. இதற்குக் காற்புள்ளி மிகை. ‘நொய்யல், பவானி, அமராவதி ஆகிய மூன்றும் காவிரியில் கலக்கின்றன’ என்பது செவ்வெண். இங்குக் காற்புள்ளி கண்ணுக்கு உதவுகிறது. அடுக்கை முடித்துக் காட்டுவது ‘மூன்றும்’ என்னும் தொகையே.

இன்றைய ஆய்வேடுகளில் இவ்விரண்டையும் விடுத்து ‘நொய்யல், பவானி மற்றும் அமராவதி’ என எழுதுகின்றனர். மற்று என்னும் இடைச்சொல்லுக்கு வினைமாற்று, அசைநிலை, பிறிது என்னும் மூன்று பொருள்களையே நன்னூல் தருகிறது. இலக்கண வழுவினும் பொருள் மயக்கமே இங்குப் பெருங்கேடு. ‘உழவர்கள், வணிகர்கள் மற்றும் நெசவாளர்களின் சங்கங்கள்’ என்னும் தொடரில் வேற்றுமை உருபு நெசவாளரோடு மட்டும் நிற்கிறது. உழவர்க்கும் சங்கம் உண்டா, நெசவாளர்க்கு மட்டுமா? கள ஆய்வுத் தரவில் இவ்வையம் முடிவையே மாற்றிவிடும். ‘உழவர், வணிகர், நெசவாளர் ஆகியோரின் சங்கங்கள்’ என்றால் ஐயமில்லை.

புணர்ச்சியிலும் ஒரு வேறுபாடு உண்டு. செயப்படுபொருளை வினையிலிருந்து காற்புள்ளியால் பிரிப்பதை ஆங்கிலம் பொதுவாக ஏற்பதில்லை. தமிழில் வினை தொலைவில் நிற்பின் அது தேவையாகிறது: ‘பேரூர்க் கல்வெட்டை, பழைய படியோடு ஒப்பிட்டுப் பதிப்பித்தார்.’ காற்புள்ளி ஓசையை நிறுத்துவதால் அவ்விடத்தில் வல்லினம் மிகாது. ‘கல்வெட்டைப்,’ என ஒற்றையும் குறியையும் ஒருங்கே இடுவது, சேர்த்தும் பிரித்தும் ஒரே நேரத்தில் படிக்கச் சொல்வதாகும்.