'ஓ' பிரிவென்று தோன்றும் பம்பாய் இரத்தம்

உங்கள் இரத்தம் எந்தப் பிரிவு என்று கேட்டால் ஏ, பி, ஏபி, ஓ என்ற நான்கில் ஒன்றைச் சொல்வீர்கள். இந்த நான்கிலும் அடங்காத இரத்தம் ஒன்று உண்டு. 1952-ஆம் ஆண்டில் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் அவருடைய குழுவினரும் அதைப் பம்பாயில் கண்டறிந்தனர். அந்நகரின் பெயராலேயே அது 'பம்பாய் பிரிவு' எனப்படுகிறது. இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகின்றனர்.

நம் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் 'எச்' என்னும் பொருள் உள்ளது. அதனுடன் ஒருவகைச் சர்க்கரை சேர்ந்தால் ஏ. வேறொருவகை சேர்ந்தால் பி. எதுவும் சேராவிட்டால் ஓ. பம்பாய் பிரிவினரிடம் எச் பொருளே கிடையாது. அடித்தளம் இல்லாமல் மாடி எழும்புமா? ஆகவே ஏ, பி ஆகியனவும் உருவாவதில்லை. வழக்கமான சோதனையில் இவர்களுடைய இரத்தம் 'ஓ' என்றே தோன்றும்.

ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இவர்களுடைய இரத்தத்தில் எச் பொருளைத் தாக்கும் எதிர்ப்பொருள் உண்டு. எச் மிகுதியாக இருப்பதோ ஓ இரத்தத்தில். அதைச் செலுத்தினால் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். இவர்களுக்குப் பம்பாய் பிரிவு இரத்தம் மட்டுமே பொருந்தும்.

கர்ப்பிணிக்கு இப்பிரிவு இருந்தால் குழந்தைக்குத் தீங்கு வருமா? இந்த எதிர்ப்பொருளின் பெரும்பகுதி பெரிய மூலக்கூறுகளால் ஆனது. அவை நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. எனவே குழந்தை பாதிக்கப்படுவது அரிது. எனினும் பிறந்தபின் மஞ்சள்காமாலை தோன்றுகிறதா என்று கவனிக்க வேண்டும். பெரிய கவலை தாயைப் பற்றியதே. பிரசவத்தில் இரத்தப்போக்கு மிகுந்தால், ஏற்ற இரத்தத்தைத் தேட நேரம் இராது.

ஆகையால் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே உண்மையைக் கண்டறிய வேண்டும். தாயின் பிளாஸ்மாவுடன் ஓ சிவப்பணுக்களைக் கலந்து பார்ப்பார்கள். அவை ஒட்டித் திரண்டால் ஐயம் எழும். ஊலெக்ஸ் என்னும் முட்செடியின் விதைச்சாறு எச் உள்ள அணுக்களைத் திரளச் செய்யும். தாயின் அணுக்கள் அதில் திரளாவிட்டால் ஐயம் வலுப்பெறும்.

பிறகு என்ன செய்வது? இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளால் இரத்தசோகையைப் போக்க வேண்டும். உடன்பிறந்தோரைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இப்பிரிவு இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பாவது உண்டு. கணவரின் இரத்தம் பொதுவாகப் பொருந்தாது. தாயின் உடல்நிலை இடங்கொடுத்தால் அவருடைய இரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைக்கலாம். குளிர்பெட்டியில் 35 நாள்வரை அது கெடாது; கிளிசரால் சேர்த்து உறையவைத்தால் 10 ஆண்டுகள்வரை காக்கலாம். இரத்த வங்கியுள்ள மருத்துவமனையில் பிரசவம் நடப்பதே நல்லது. குழந்தை பிறந்தவுடன் ஆக்சிடோசின் ஊசி போட்டால் கருப்பை சுருங்கி இரத்தப்போக்கு குறையும்.

உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் 'ஓ பிரிவுதான், ஆனால் எந்த ஓ இரத்தமும் சேரவில்லை' என்று சொன்னார்களா? அதை அலட்சியம் செய்யாதீர்கள். அவருடைய சகோதரிகள் கருவுறும் முன்பே சோதனை செய்துகொள்ளட்டும்.