பலகையிலே தமிழ், பையிலே பர்மிட்!

"சிங்கப்பூரிலே தமிழ் ஆட்சிமொழி!" என்று மேடைதோறும் மார்தட்டிப் பேசுகிறோம். பேசுவதிலே தவறில்லை. 1965இல் அந்நாடு தனி நாடானபோது மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழையும் அரியணையிலே அமர்த்திற்று. அந்நாட்டு நாணயத்தைப் புரட்டிப் பார்த்தால் 'சிங்கப்பூர்' என்று தமிழிலேயும் பொறித்திருக்கும். இங்கோ, "இந்திக்கு வழி விடு, ஒதுங்கி நில்" என்கிற குரல் டில்லியிலிருந்து ஓய்ந்தபாடில்லை. ஆகவே, கடலுக்கு அப்பால் ஒரு நாடு நம் மொழிக்கு நாற்காலி போட்டிருக்கிறதே என்று நெஞ்சு நிமிர்வது இயற்கை.

ஆனால், தோழர்களே! மொழிக்கு நாற்காலி கிடைத்துவிட்டது என்றதும், அந்த மொழியைப் பேசுகிறவனுக்கும் அங்கே பாய் விரித்தாயிற்று என்று எண்ணிவிடுகிறோமே, அந்த எண்ணத்தைத்தான் சற்று உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டை, சிவகங்கை, அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து கிளம்பி, திருச்சியிலே விமானமேறி, நான்கு மணி நேரத்திலே அங்கே போய் இறங்குகிறானே நம் தம்பி! கட்டடம் எழுப்பவும், கப்பல் பட்டறையிலே நெருப்போடு நெருப்பாக நிற்கவும் போகிறானே! அவனை வேலைத்தளத்திலே வரவேற்கிற தமிழ் எது தெரியுமா? வேலியிலே தொங்குகிற சிவப்புப் பலகை. ஆபத்து என்று நான்கு மொழிகளிலே எச்சரிக்கிற பலகை! ஊராரை எட்டிப் போ என்கிறது. அவனை மட்டும் உள்ளே வா என்கிறது.

அவனுடைய பொழுது எப்படிப் புலர்கிறது? துவாஸ், கிராஞ்சி என்று தீவின் ஓரங்களிலே கட்டி வைத்திருக்கிற 'டார்மெட்ரி'யிலே, அடுக்குக் கட்டிலின் மேல்தட்டிலே கண் விழிக்கிறான். மணி ஐந்துகூட ஆகியிராது. நம்மூர்க் கணக்கிலே இரண்டரை! குளிக்க ஒரு வரிசை, பல் துலக்க ஒரு வரிசை. வாசலிலே கேட்டரிங்காரர் போட்டுவிட்டுப் போன பொட்டலங்கள். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் சேர்ந்தே வந்துவிடும். நள்ளிரவிலே வடித்த சோறு, நண்பகல் வரையிலே வேலைத்தளத்தின் ஓரத்திலே காத்துக் கிடக்கும். பிரித்தால் குழம்பு புளித்திருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறவனும் உண்டு, கொட்டிவிட்டுத் தண்ணீரைக் குடித்து எழுந்து போகிறவனும் உண்டு. சோறுடைத்த சோழ நாட்டிலிருந்து போனவன்!

பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு லாரி ஏறுகிறான். காரிலே பெல்ட் மாட்டாமல் உட்கார்ந்தால் அபராதம் போடுகிற நாடு அது. சாலை ஒழுங்கிலே உலகத்துக்கே வாத்தியார்! அந்நாட்டிலேதான், சரக்கு லாரியின் பின்தட்டிலே தொழிலாளர் குந்திக்கொண்டு போகச் சட்டமே இடங்கொடுத்திருக்கிறது. 2023 ஜூலையிலே தொண்டு அமைப்புகள் பல ஒன்றுகூடி, இதை நிறுத்துக என்று முறையிட்டன. உடனே தடை செய்வது நடைமுறைக்கு ஒவ்வாது, சிறு கம்பெனிகள் தாங்கமாட்டா என்கிற வகையிலே அரசு விடை சொல்லிற்று. கம்பெனி தாங்காதாம், தம்பியின் முதுகெலும்பு தாங்குமாம்!

வேலைத்தளத்திலே முதலாளி சீனர், பக்கத்திலே செங்கல் எடுத்துக் கொடுப்பவர் வங்காளதேசத்தவர், மேற்பார்வையாளர் எந்த நாட்டவரோ! 'கேன்', 'நோ கேன்' என்கிற இரண்டு சொற்களிலே உலகத்தையே அடக்கிப் பேசக் கற்றுக்கொள்கிறான். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற நாட்டிலே, தமிழன் பிழைப்புக்காகக் கொஞ்சம் வங்காளமும் பேசிப் பழக வேண்டியிருக்கிறது. பழகிவிடுகிறான். அதிலே அவனை மிஞ்ச ஆளில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடல் தாண்டினால் பாவம் என்றது சாத்திரம். தாண்டாவிட்டால் பட்டினி என்றது வயிறு. வயிறு வென்றது! ஒரே அறையிலே பத்துப் பன்னிரண்டு கட்டில்கள். ஊரிலே எந்தத் தெருவுக்குள் எவன் செருப்போடு நடக்கலாகாது என்று இருந்ததோ, அந்தத் தெருக்காரனுக்கு மேல்தட்டிலே இவன் படுக்கிறான். ஒரே அண்டாவிலே வடித்த சோற்றை இருவரும் தின்கிறார்கள். சாதி அங்கே செத்துவிட்டது என்று சொல்லிவிட மாட்டோம். கைப்பேசிக்குள் புகுந்துகொண்டு அதுவும் கடல் கடந்து வரக்கூடியதுதான். ஆனாலும், அடுக்குக் கட்டில் செய்கிற காரியத்தை ஆயிரம் உபந்நியாசம் செய்ததில்லை.

ஓவர்டைம் முடித்து இரவு பத்து மணிக்கு அறைக்குத் திரும்புகிறான். இங்கே ஏழரை. பிள்ளைகள் பாடம் படிக்கிற நேரம். மகளுக்குக் கைப்பேசியிலே கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறான். பாதிக் கணக்கிலேயே கண் செருகிவிடுகிறது.

ஞாயிறு வந்தால் தேக்கா! சிராங்கூன் சாலையும் ரேஸ் கோர்ஸ் சாலையும் நம்மூர்ச் சந்தையாகிவிடும். பணம் அனுப்புவது, முடி வெட்டிக்கொள்வது, மீன்குழம்போடு சூடான சோறு, ஊர்க்காரனைக் கண்டு நாலு வார்த்தை, அவ்வளவுதான் ஆறு நாள் உழைத்தவன் கேட்பது. 2013 டிசம்பர் 8 அன்று, அங்கே தனியார் பேருந்தின் சக்கரத்திலே சிக்கித் தமிழ்த் தொழிலாளி ஒருவர் மாண்டார். கூட்டம் கொதித்தது, வண்டிகள் எரிந்தன. வன்முறையை நாம் போற்றுகிறவர்களல்லர். ஆனால் அதன் பிறகு நடந்தது என்ன? வழக்குகள், நாடு கடத்தல்கள், 2015இலே மதுவுக்குக் கட்டுப்பாடு. குடிப்பதைக் குறைத்தார்கள், சரி. பொழுது போக்கப் போக்கிடம் எங்கே என்ற கேள்விக்குத்தான் விடை வரச் சுணங்கிற்று.

2020இலே தொற்று வந்தபோது, டார்மெட்ரிகளிலே இருந்தோர் 3 லட்சத்துக்கும் மேல். வாசலைப் பூட்டினார்கள். மருத்துவம் கொடுத்தார்கள், உயிரிழப்பு மிகக் குறைவு என்பதையும் ஒளிக்காமல் சொல்வோம். ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலே அரசு வெளியிட்ட கணக்குப்படி, ஏறத்தாழப் பாதிப் பேரைத் தொற்று தீண்டியிருந்தது. ஊர் திறந்தது, கடை திறந்தது; இவனுடைய கதவு மட்டும் முழுதாகத் திறக்கவில்லை. 2022 ஜூன் வரையிலே வெளியே போக அனுமதிச்சீட்டு. அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையிலே தேக்கா போக வேண்டுமானால் சீட்டு! தான் கட்டிய நகரத்தைத் தானே சுற்றிப் பார்க்கச் சீட்டு.

ஏன் இப்படி? அவன் பையிலே இருக்கிற அட்டைதான் விடை. 'ஒர்க் பர்மிட்' என்று பெயர். அது முதலாளியின் பெயரோடு முடிச்சுப் போட்டது. மலேசியர் அல்லாத ஒவ்வொரு பர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணை கொடுக்க வேண்டும். மாடு வாங்கினால்கூட இத்தனை கட்டு கட்டமாட்டார்கள்! மனைவி மக்களை அழைத்துக் குடித்தனம் நடத்த முடியாது. அந்நாட்டுக் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க வேண்டுமானால் அரசின் அனுமதி வேண்டும். பதினைந்து ஆண்டு உழைத்தாலும் அந்த அட்டையைக் கொண்டு நிரந்தரவாசம் கேட்டு விண்ணப்பிக்க வழியில்லை. இருக்கிற முதலாளி இசையாமல் வேறு முதலாளியிடம் மாறுவதோ, பர்மிட் முடியும் தறுவாயிலே, சில நிபந்தனைகளோடு. கை முறிந்து இழப்பீடு கேட்டால் வேறோர் அட்டை, 'ஸ்பெஷல் பாஸ்'. நாட்டிலே இருக்கலாம், வேலை செய்யலாகாது என்பது அதன் பொருள். அப்படித் தவிக்கிறவர்களுக்கு 2008 முதல் கஃப் சாலைத் திட்டம் என்ற பெயரிலே இலவச உணவு கொடுக்கத் தொடங்கியவர்கள் அந்நாட்டுத் தொண்டர்களே. டி.டபிள்யூ.சி.2 என்கிற அந்த அமைப்பை நன்றியோடு குறிப்பிடுகிறோம்.

அதே விமானத்திலே கணினிப் பொறியாளரும் போகிறார். அவருக்கு வேறு அட்டை. போதிய சம்பளம் இருந்தால் குடும்பத்தோடு வீடு. அவருக்குப் பெயர் 'எக்ஸ்பேட்'. சிமெண்டு குழைக்கிறவனுக்குப் பெயர் 'ஃபாரின் ஒர்க்கர்'. மனு எட்டிப் பார்க்காத மண்ணிலும் வருணம் இரண்டு!

2018 அக்டோபர் முதல், புதிதாக வருகிற தொழிலாளிக்கு ஒரு நாள் வகுப்பு நடத்துகிற ஏற்பாடு வந்தது. தமிழிலும் நடத்துகிறார்கள். சம்பளம் வராவிட்டால் எங்கே போய்ச் சொல்வது என்றெல்லாம் விளக்குகிறார்கள். நல்ல ஏற்பாடு, பாராட்டுகிறோம். பெயரைத்தான் பாருங்கள்: 'செட்லிங் இன்'. குடியமர்தல்! குடியமர வகுப்பு உண்டு; குடியிருக்க உரிமை இல்லை.

ஒரு காலத்திலே அந்த மண்ணிலே வேறு பேச்சு ஒலித்தது. 1929இலே பெரியார் மலாயா புறப்பட்டுச் சென்று மூட்டிய சுயமரியாதைச் சூட்டிலே, 1935இலே 'தமிழ் முரசு' தொடங்கினாரே கோ. சாரங்கபாணி, அவர் தமிழனைப் பார்த்து, "இது உன் நாடு, குடியுரிமை பெறு, வேர் விடு!" என்று வற்புறுத்தினார். வேர் விட்டவர்களின் பேரர்கள் இன்று அங்கே அமைச்சர்களாகவும் நீதிபதிகளாகவும் உயர்ந்த வரலாறு உண்டு. இன்று போகிற தம்பிக்கு அந்தப் பேச்சைச் சொல்ல ஆளில்லை. சொன்னாலும் சட்டம் இடந்தராது.

அயலானைக் குறை சொல்லிவிட்டு நம் வீட்டுக் கூரையைப் பார்க்காமல் போகலாமா? தம்பியின் கழுத்திலே முதல் சுருக்கை மாட்டுகிறவன் இங்கேதான் இருக்கிறான். சிங்கப்பூர் ஏஜெண்டு, ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம் கணக்கிட்டு, இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று அங்கே விதி. நம் நாட்டிலே, 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் விதித்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் வரியும். நடைமுறையிலே? 'ஸ்கில் டெஸ்ட்' பயிற்சிக்கு என்றும், ஏஜெண்டுக்கு என்றும் லட்சக்கணக்கிலே கறக்கிறார்கள். நாளுக்கு 18, 20 வெள்ளி அடிப்படைக் கூலியிலே தொடங்கியவர்கள் பலர். தாலிச் சங்கிலியை மீட்கவே அவர்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

2021இலே கழக அரசு அயலகத் தமிழருக்கு நல வாரியம் அறிவித்தது. மகிழ்ந்தோம். ஆனால் குடியேற்றம் என்கிற அதிகாரம் அரசியல் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலிலே பூட்டிக் கிடக்கிறதே! ஆள் எங்கள் ஊர், கடன் எங்கள் ஊர், கண்ணீர் எங்கள் ஊர். சாவி மட்டும் டில்லியிலே.

சாவி வருகிறபோது வரட்டும். அதற்குள் புறப்படுகிற தம்பிகளுக்கு ஒரு சொல். 'ஐ.பி.ஏ.' என்று ஒரு தாள் உண்டு. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, ஏஜெண்டு கட்டணம் எவ்வளவு என்று அதிலே எழுதியிருக்கும். நீ புறப்படுமுன்னே, உன் தாய்மொழியிலே அது உனக்கு வந்து சேர வேண்டும் என்பது அந்நாட்டு விதி. "அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏஜெண்டு சிரித்தால், பணத்தை எண்ணி வைக்காதே. தாளை வாங்கு, இரண்டு நகல் எடு, ஒன்றை வீட்டிலே வைத்துவிட்டுப் போ. நம் மன்றங்களிலும் படிப்பகங்களிலும், மாலை நேரத்திலே ஒரு தோழர் உட்கார்ந்து, போகிறவனுக்கும் அவனை வழியனுப்புகிறவளுக்கும் அந்தத் தாளை வரி வரியாகப் படித்துக் காட்டட்டும்.